பினாங்கு வெள்ளி ரதம் சாட்சி சொல்லுமா? இஸ்லாமிய ஆட்சியில் பிற மதத்தார் உரிமை

புதுவயல் வாசகரின் கேள்வி, 19 மார்ச் 2025

"இஸ்லாமிய நாடுகளில் மற்ற மதத்துக்காரன் மூச்சு விடக்கூட முடியாது என்று போன வாரம் ஒருவர் இங்கே எழுதியிருந்தார். நபிகள் மதீனாவின் குலங்களோடு செய்துகொண்ட மதீனா சாசனம் என்று ஒன்று இருப்பது அவர் காதில் விழவே இல்லை போலிருக்கிறது. ஐ.நா. பிரகடனத்துக்கு 1300 ஆண்டுகள் முன்பே, யூதர்களுக்கு அவர்கள் மார்க்கம், முஸ்லிம்களுக்கு அவர்கள் மார்க்கம் என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் நகரத்தார் பினாங்கில் தண்ணீர்மலையான் என்ற முருகன் கோயிலைக் கட்டினார்கள். காரைக்குடியில் செய்த வெள்ளி ரதத்தைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். இன்றுவரை பூசத்துக்கு ஓட்டுகிறார்கள். முஸ்லிம் நாட்டில்தானே? மறுக்க முடிந்தால் செட்டியார் மறுக்கட்டும்."

19 மார்ச், இரவு

ரதத்தில் இருந்தே தொடங்குகிறேன், அது எங்கள் வீட்டுச் சமாசாரம். ரதம் பினாங்குக்குப் போனது 1894இல். அப்போது அங்கே சுல்தான் ஆட்சி இல்லை. 1786இலேயே கெடா சுல்தான் கையை விட்டு ஆங்கிலக் கம்பெனியிடம் போன தீவு அது. பிறகு மலாக்கா, சிங்கப்பூரோடு சேர்ந்து பிரிட்டிஷ் காலனி. கோயில் எழும்ப அனுமதித்ததும், ரதம் போகத் தெருவை விட்டதும் வெள்ளைக்காரன். பாய் கூப்பிட்ட சாட்சி வேறு வழக்கைச் சேர்ந்தவர்.

ஆனால் 1957இல் நாடு சுதந்திரம் பெற்ற பிறகும் ரதம் நிற்கவில்லை என்பதைக் கணக்கில் சேர்த்துத்தான் ஆக வேண்டும். மலேசிய அரசியல் சட்டத்தின் 3ஆவது பிரிவு இஸ்லாமைக் கூட்டமைப்பின் மதம் என்கிறது, அதே மூச்சில் பிற மதங்களை அமைதியாகப் பின்பற்றலாம் என்றும் சொல்கிறது. 11ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் மத உரிமை தருகிறது. முஸ்லிம்களிடம் போய் வேறு மதம் பரப்புவதை மட்டும் மாநிலச் சட்டம் தடுக்கலாம். தைப்பூசத்துக்கு முந்தின நாளான செட்டிப் பூசத்தன்று பினாங்குத் தெருவில் நின்று பார்த்திருக்கிறேன். தேங்காய் உடைக்கிற சீனர்களின் கூட்டம் நம்மவர்களுக்குக் குறையாது, போக்குவரத்தை ஒழுங்கு செய்கிற காவலர்களில் பலர் மலாய்க்காரர்கள். 2017 முதல் மலைக்கோயிலுக்கென்று ஒரு தங்க ரதமும் வந்துவிட்டது. வெள்ளி முன்னால் போவதா, தங்கம் முன்னால் போவதா என்பதுதான் இப்போது அங்கே மதப் பூசல். இரண்டு பக்கமும் இந்துக்கள்.

பக்கத்து மாநிலம் கெடாவில் 2021இல் தைப்பூச விடுமுறையை மாநில அரசு ரத்து செய்தது. வழிபாட்டுக்குத் தடை இல்லை, விடுமுறைதான் இல்லை. கொடுப்பதும் எடுப்பதும் மாநில அரசின் விருப்பம் என்று ஆனபோது அது உரிமைக் கணக்கில் வருமா? இதை மனதில் வையுங்கள், மேலே போகப் போகத் திரும்ப வரும்.

20 மார்ச்

மதீனா சாசனம். 622ஐ ஒட்டி எழுதப்பட்டது. யூதர்களுக்கு அவர்கள் மதம் என்ற வாசகம் அதில் உண்டு, பாய் சொன்னது சரி. அடுத்த சில ஆண்டுகளுக்குள் அந்த ஊரின் மூன்று பெரிய யூதக் குலங்களில் இரண்டு வெளியேற்றப்பட்டன, மூன்றாவதன் ஆண்கள் கொல்லப்பட்டார்கள் என்று இஸ்லாமிய வரலாற்று நூல்களே சொல்கின்றன. உடன்படிக்கையை அவர்கள் மீறினார்கள் என்பது அந்த நூல்கள் கூறும் காரணம். ஆக, சாசனத்தை மட்டும் படித்துவிட்டு மூடுவதும் கூடாது, பின்னால் நடந்ததை மட்டும் படிப்பதும் கூடாது.

குர்ஆனிலும் இரண்டும் இருக்கின்றன. 2:256 மார்க்கத்தில் கட்டாயம் இல்லை என்கிறது. 9:29 ஜிஸ்யா, அதாவது தலைவரி, கொடுக்கும்வரை போர் என்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் சட்ட அறிஞர்கள் "திம்மி", அதாவது பாதுகாப்புப் பெற்ற பிற மதத்தார், என்ற ஏற்பாட்டைக் கட்டினார்கள். உயிர், சொத்து, வழிபாடு, சொந்த விவகாரங்களுக்குச் சொந்த நீதி, இவற்றுக்குப் பாதுகாப்பு. பதிலுக்கு அந்தத் தலைவரியும், ஒரு படி கீழே இருக்கச் சம்மதமும்.

நான் கணக்கெழுதிப் பிழைத்தவன், வரி விகிதம் பார்க்காமல் விடமாட்டேன். இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் (மத்ஹப்) ஒன்றான ஹனஃபியின் நூல்களில் ஆண்டுக்கு 12, 24, 48 திர்ஹம் என்று மூன்று தட்டு: ஏழை, நடுத்தரம், பணக்காரர். பெண்கள், பிள்ளைகள், துறவிகள், உழைக்க முடியாதவர்கள் கொடுக்க வேண்டாம். கொடுப்பவர் படைக்கும் போக வேண்டாம்.

யாரிடம் வாங்கலாம் என்பதில்தான் நமக்குச் சுவாரசியம். ஷாஃபி மத்ஹபில் வேதம் பெற்றவர்களும் (யூதர், கிறித்தவர்) ஜொராஸ்திரியர்களும் (பார்சி மதத்தார்) மட்டும். சிலை வணங்குகிறவன் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஹனஃபிகளோ அரபியர் அல்லாதவர் சிலை வணங்கினாலும் அவரிடம் வாங்கலாம் என்றார்கள். டில்லியில் ஆண்ட சுல்தான்களும் முகலாயர்களும் ஹனஃபிகள். இந்துக்களைத் திம்மிகளாக ஏற்றுப் பாதுகாப்பு வளையத்துக்குள் கொண்டுவர இந்தச் சட்ட இடம் தேவைப்பட்டது. நம் பக்கத்து ராவுத்தர்கள் ஹனஃபி, கீழக்கரை மரைக்காயர்கள் ஷாஃபி. ஒரே மாவட்டத்து பாய்மார்களின் நூல்களில் என் தலைக்கு இரண்டு விதமான தீர்ப்பு.

அக்பர் 1564இல் ஜிஸ்யாவை எடுத்தார், ஔரங்கசீப் 1679இல் திரும்பப் போட்டார், அவர் போய்ச் சில ஆண்டுகளில் மறுபடி போயிற்று. உதுமானியர்கள் 1856இல் சீர்திருத்தம் அறிவித்து அதை விட்டார்கள், ஆனால் படைக்குப் போகாததற்கு என்று வேறு பெயரில் ஒரு வரி வந்து உட்கார்ந்துகொண்டது. வரி போடுகிறவன் புத்தி எந்த நாட்டிலும் ஒன்று.

20 மார்ச், மாலை

தேவகோட்டை நண்பர் கேட்கிறார்: "அப்படியானால் ஜிஸ்யா நல்லது என்கிறீர்களா?" எங்கே சொன்னேன்? 1492இல் ஸ்பெயினின் கத்தோலிக்க அரசு யூதர்களைத் துரத்தியபோது உதுமானிய சுல்தான் இரண்டாம் பயெசித் தம் துறைமுகங்களில் சேர்த்துக்கொண்டார். அந்தக் காலத்துத் தராசில் வைத்தால் திம்மி ஏற்பாடு ஐரோப்பாவைவிட எவ்வளவோ மேல். இந்தக் காலத்துத் தராசில் வைத்தால் இரண்டாந்தரக் குடியுரிமை. இரண்டையும் ஒரே ஆள் சொல்லலாம்.

மகமை (சமூகப் பொது நிதிக்கான பங்கு) பாக்கி வைத்திருக்கிற நகரத்தார் யாரும் தலைவரியைப் பற்றிப் பேச வேண்டாம் என்று ஆச்சி சொல்லச் சொல்கிறாள்.

22 மார்ச்

நூலை விட்டுவிட்டு நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் சவூதியில், தம்மாமில், ஒரு கட்டுமானக் கம்பெனியில் கணக்கு எழுதினேன். அப்போது குடியிருப்பு அனுமதி, அதாவது இக்காமா, சிறு புத்தகமாக இருக்கும். முஸ்லிம்களுக்குப் பச்சை அட்டை, மற்றவர்களுக்குப் பழுப்பு அட்டை. சட்டைப் பையில் இருந்து எடுக்கும்போதே தெரிந்துவிடும். பழைய சட்ட நூல்களில் திம்மிகள் வேறு நிறத்தில் உடுத்த வேண்டும் என்று படித்தபோது எனக்கு இந்த அட்டைதான் ஞாபகம் வந்தது. ஆனால் நாங்கள் திம்மிகள்கூட இல்லை, ஒப்பந்தக் கூலிகள். கோயில், சர்ச் எதற்கும் அந்த நாட்டில் இடம் கிடையாது. அறைக்குள் சத்தமில்லாமல் கும்பிட்டுக்கொண்டால் பொதுவாக யாரும் கதவைத் தட்டுவதில்லை. "பொதுவாக" என்ற சொல்லுக்குள்தான் நாங்கள் குடியிருந்தோம்.

பிள்ளையார்பட்டிப் படம் ஒன்று என் பெட்டியின் அடியில் துணிக்குள் இருந்தது. கார்த்திகை அன்று ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டு ஒரு விளக்கு. அறைத் தோழர் இளையான்குடிக்காரர், ஐந்து வேளை தொழுகிறவர். விளக்கு அணையும்வரை வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து யாரிடமாவது கதை பேசிக்கொண்டிருப்பார். காவலுக்கு இருந்தாரா, விளக்கின் முன்னால் இருக்க விருப்பமில்லையா என்று நான் கேட்டதில்லை. இரண்டும் இருக்கலாம்.

இன்னொன்று. எங்கள் முகாமில் கல்லல் பக்கத்துப் பையன் ஒருவன் விபத்தில் போய்விட்டான். தகனம் செய்ய அங்கே வழியே இல்லை. புதைக்க வேண்டும், இல்லையென்றால் ஊருக்கு அனுப்ப வேண்டும். காகிதங்கள் மேசை மேசையாக அலைந்தன. எந்த மேசையில் தேங்கியது என்று இப்போது எழுதிப் பயனில்லை. அவன் அப்பச்சி போனில் கேட்டது "எப்ப வரும்" என்ற ஒரு கேள்விதான். பிறகு இழப்பீட்டுப் பேச்சு. படிவத்தில் மதம் கேட்டு ஒரு கட்டம். எதற்கு என்று கேட்டேன். தியத், அதாவது உயிர்ப்பணம், எல்லோருக்கும் ஒரே தொகை இல்லை என்றார் உள்ளூர் மொழிபெயர்ப்பாளர். முஸ்லிம் ஆணுக்கு முழுத் தொகை, கிறித்தவருக்குப் பாதி, இந்துவுக்கு மிகச் சிறு பங்கு.

இதிலும் மத்ஹபுக்கு மத்ஹப் வேறு. ஹனஃபியில் திம்மியின் உயிர்ப்பணம் முஸ்லிமுக்குச் சமம். மாலிகியில் பாதி. ஷாஃபியில் யூதருக்கும் கிறித்தவருக்கும் மூன்றில் ஒரு பங்கு, ஜொராஸ்திரியருக்கு 12,000 திர்ஹத்துக்கு 800. ஈரானில் 2004இல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகரித்த சிறுபான்மையினருக்குச் சமத்தொகை ஆக்கினார்கள். அங்கீகாரம் யூதர், கிறித்தவர், ஜொராஸ்திரியருக்கு மட்டும். பஹாய் மதத்தார் அதில் சேர்த்தி இல்லை.

22 மார்ச், பின்குறிப்பு

தொகையைப் பற்றி யாரும் இங்கே கேட்க வேண்டாம். அந்தக் குடும்பம் இப்போதும் அதே ஊரில் இருக்கிறது.

23 மார்ச்

எதிர்பார்த்தது நடந்துவிட்டது. மேலே உள்ளதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, அவர்களே அப்படித்தான்" என்று ஒருவர் குதித்து வருகிறார். கொஞ்சம் நில்லுங்கள் ஐயா.

தம்மாமுக்குப் பக்கத்து ஊர் கதீஃப். ஷியா முஸ்லிம்கள் நிறைந்த ஊர். எங்கள் அலுவலகக் குமாஸ்தா அந்த ஊர்க்காரர், சவூதிக் குடிமகன், அரபு தாய்மொழி, தொழுகிறவர். முஹர்ரம் பத்தாம் நாள் துக்கத்தை அவர் ஊரில் அனுசரிக்கலாம், தம்மாமில் பகிரங்கமாகச் செய்ய முடியாது. விளக்குக்குப் போர்வை கட்டியவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

இன்னும் கேளுங்கள். 1948இல் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தின் 18ஆவது பிரிவு, மதம் மாறும் சுதந்திரம் உட்பட எல்லோருக்கும் உண்டு என்று எழுதப்பட்டபோது சவூதி எதிர்த்தது, கடைசியில் வாக்களிக்காமல் ஒதுங்கியது. பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் ஜஃபருல்லா கான் எழுந்து அந்தப் பிரிவை ஆதரித்தார், குர்ஆனைக் காட்டியே ஆதரித்தார். அவர் அகமதியா என்ற பிரிவைச் சேர்ந்தவர். அதே பாகிஸ்தான் 1974இல் அகமதியாக்கள் முஸ்லிம்களே இல்லை என்று அரசியல் சட்டத்தைத் திருத்தியது. 1984இல் அவர்கள் தம் தொழுகை இடத்தைப் பள்ளிவாசல் என்று சொன்னாலே சிறை என்று சட்டம் போட்டது.

அப்புறம் செனகல். பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். 1960 முதல் 1980 வரை அங்கே அதிபர் லெயோபோல்ட் செங்கோர், கத்தோலிக்கர். கலகம் ஏதும் அவரை இறக்கவில்லை, தானாகப் பதவி விலகினார். இதை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

25 மார்ச்

புதுவயல் பாய் மறுபடியும்: "வழிபட விட்டால் போதாதா? வேறென்ன உரிமை வேண்டும்?"

வழிபாடு சுலபமான பகுதி. கோயிலுக்குப் போகிறவனை மலேசியாவில் யாரும் தடுக்கவில்லை. சிக்கல் வருவது கல்யாணம், பிள்ளை, சாவு, மதத்தை விட்டு வெளியேறுவது, நிலம், இந்த இடங்களில். ஒருவர் பாதி வழியில் மதம் மாறினால் குடும்பத்தின் மற்றவர்கள் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்கள் என்று பாருங்கள், முழுக் கதையும் அதில் இருக்கிறது.

1988இல் மலேசிய அரசியல் சட்டத்தில் 121(1அ) என்று ஒரு உட்பிரிவு சேர்த்தார்கள். ஷரியா நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குள் வரும் விஷயத்தில் சிவில் நீதிமன்றம் கை வைக்காது. படிக்கும்போது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ஷரியா நீதிமன்றத்தில் முஸ்லிம் அல்லாதவர் வழக்காடவே முடியாதே?

2005 டிசம்பரில் மூர்த்தி இறந்தார். எவரெஸ்ட் ஏறச் சென்ற முதல் மலேசியக் குழுவில், 1997இல், இருந்த தமிழர். அவர் இஸ்லாத்துக்கு மாறியிருந்தார் என்றது மதத் துறை. கடைசிவரை இந்துவாகத்தான் இருந்தார் என்றார் மனைவி. ஷரியா நீதிமன்றம் அவர் முஸ்லிம் என்றது. உயர் நீதிமன்றம் அதில் தலையிட எங்களுக்கு அதிகாரம் இல்லை என்றது. ஒரு நீதிமன்றத்துக்குள் போக மனைவிக்கு வழி இல்லை, இன்னொன்று காது கொடுக்கவில்லை. கணவர் உடல் முஸ்லிம் முறைப்படி அடக்கமானது.

ஈப்போவில் இந்திரா காந்தி என்ற மழலையர் பள்ளி ஆசிரியை. 2009இல் கணவர் மதம் மாறினார். பிள்ளைகளும் அம்மாவும் முன்னால் இல்லாமலேயே, பிறப்புச் சான்றிதழை வைத்து மூன்று பிள்ளைகளையும் மாற்றிவிட்டார். கடைசிக் குழந்தைக்கு அப்போது 11 மாதம், அதைத் தூக்கிக்கொண்டும் போய்விட்டார். வழக்கு ஒன்பது ஆண்டு நடந்து, 2018 ஜனவரி 29இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த மதமாற்றம் செல்லாது, தாய் தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்றது. அந்தக் குழந்தை இன்றுவரை தாயிடம் வரவில்லை.

கவனியுங்கள், இதே பாதுகாப்பைச் சட்டமாகவே எழுத 2017இல் ஒரு மசோதா இருந்தது. அந்த ஒரு பிரிவை மட்டும் அரசு உருவிவிட்டு மற்றதை நிறைவேற்றியது. நாடாளுமன்றம் நழுவியதை நீதிபதிகள் பிடித்தார்கள்.

வெளியேறும் வழிக்கு லீனா ஜாய் வழக்கு. கிறித்தவராக மாறிய மலாய்ப் பெண், அடையாள அட்டையில் உள்ள "இஸ்லாம்" என்ற சொல்லை எடுக்கச் சொன்னார். 2007இல் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தள்ளுபடி. ஷரியா நீதிமன்றத்தில் சான்று வாங்கி வா என்றார்கள். அரசியல் சட்டத்தின் 160ஆவது பிரிவே மலாய்க்காரர் என்றால் இஸ்லாத்தைப் பின்பற்றுகிறவர் என்கிறது. ஆக அங்கே மிகக் குறைந்த மதச் சுதந்திரம் உள்ளவர்கள் மலாய் முஸ்லிம்கள் என்பது என் கட்சி. பாய்க்கு இது பிடிக்காது என்று தெரியும்.

27 மார்ச்

இன்றைய செய்தி. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் நூற்றாண்டு கடந்த பத்ரகாளியம்மன் கோயில். நிலம் மாநகராட்சியுடையது. 2014இல் ஒரு துணிக்கடை நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். அந்த நிறுவனம் அங்கே பள்ளிவாசல் கட்டுகிறது. இன்று பிரதமர் அன்வர் இப்ராகிம் அடிக்கல் நாட்டினார். கோயிலுக்குச் சற்றுத் தள்ளி மாற்று இடம்.

அந்தப் பகுதிக்குப் பெயர் தந்த பழைய பள்ளிவாசலைக் கட்டியவர்கள் இந்திய முஸ்லிம் வியாபாரிகள். ஒரு காலத்தில் இரண்டு கும்பிடும் இடங்களுக்கும் நம் பக்கத்து ஆட்கள்தான் காசு போட்டார்கள்.

"இடித்துத் தள்ளவில்லையே, வேறு இடம் கொடுத்தார்களே" என்பார்கள். சரி. நகரின் நடுவே நிலத்தை விற்கும்போது கோயில் அதன் மேல் நிற்பது விற்றவர் கண்ணுக்குத் தெரியாமலா இருந்தது? மலேசியக் கோயில்களில் பாதித் தகராறு இந்த வகை. தோட்டத்தில் ரப்பர் வெட்டப் போனவர்கள் லயத்துப் பக்கத்தில் ஒரு மாரியம்மனையோ முனியாண்டியையோ வைத்தார்கள். துரை வாயால் சரி என்றார். பட்டா கம்பெனி பேரில். தோட்டம் வீட்டு மனையானதும் சாமி ஆக்கிரமிப்பாளர் ஆகிவிட்டது. 2018 நவம்பரில் சுபாங் ஜெயாவில் சீஃபீல்ட் கோயில் விஷயத்தில் கலவரமே வந்தது. அதில் அடிபட்ட தீயணைப்பு வீரர் ஒருவர், மலாய் இளைஞர், அடுத்த மாதம் இறந்தார். அவரையும் எண்ண வேண்டும்.

தண்ணீர்மலையான் கோயிலுக்கு இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம், செட்டியார்கள் நிலத்தை முதலில் கிரயம் செய்துகொண்டு அப்புறம்தான் கோயிலைக் கட்டினார்கள். முருகன் அருளோடு பத்திரமும் வேண்டும். தோட்டக்கூலிக்குப் பத்திரம் எங்கிருந்து வரும்?

28 மார்ச்

நேற்று நகரத்தாரைக் கொஞ்சம் தூக்கி எழுதிவிட்டேன் என்று தோன்றுகிறது, மறுபக்கத்தையும் எழுதிவிடுகிறேன். பத்திரம் விஷயத்தில் நாம் கெட்டிக்காரர்கள் என்பதற்கு மலாய்க்காரர்கள் தந்த விலை ஒன்று உண்டு.

எங்கள் ஐயா மலேசியாவின் பேராக்கில் கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போனவர். பெட்டியடிப் பையனாகப் போய் அடுத்தாள், பிறகு மேலாள். வட்டி வாங்குவது முஸ்லிமுக்கு ஹராம், ஆனால் ரப்பர் வந்த காலத்தில் கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரனுக்கும் பணம் தேவை. நிலத்தை அடமானம் வைத்தான். விலை இறங்கியது, நிலம் போனது. செட்டியார் பேரேட்டில் அது ஒரு வரி. இதைப் பார்த்துத்தான் 1913இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்தது, ஒதுக்கிய நிலம் மலாய்க்காரர் அல்லாதவர் கைக்குப் போகக்கூடாது என்று. 1933இல் இன்னும் இறுக்கினார்கள். ஐயா அதைத் தம் தொழிலுக்கு வந்த தடை என்றுதான் கடைசிவரை பேசினார். மலாய்க்காரன் இடத்தில் இருந்து யோசித்தால், தன் நாட்டில் தானே நிலமற்றுப் போய்விடுவோம் என்ற பயம் பொய்யில்லை. "உன் மதம் உனக்கு, ஆனால் நாடு எங்களுடையது" என்கிற மனநிலைக்கு வேதம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அடமானப் பத்திரமும் ஒரு காரணம்.

31 மார்ச்

பெருநாள் வாழ்த்து. பிரியாணி வந்து சேர்ந்தது. மற்றதெல்லாம் நாளைக்கு.

1 ஏப்ரல்

விவாதம் எங்கோ போய்க் காட்டுபாவா பள்ளிவாசலில் நிற்கிறது. திருமயம் பக்கம் வண்டியில் போகிற இந்துக்கள் இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கம்பனைப் பேச நீதிபதி மு.மு. இஸ்மாயீல் மேடை ஏறினால் செட்டிநாட்டில் யாரும் அவர் மதத்தைக் கேட்டதில்லை. உண்மைதான், இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்த இழைக்கு அது பதில் ஆகாது. பழக்கம் நன்றாக இருக்கும்போது சட்டம் யாருக்கும் தேவைப்படுவதில்லை. பழக்கம் கெட்ட அன்றைக்கு என்ன இருக்கும் என்பதுதான் பாய் கேட்டதற்கும் நான் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம்.

4 ஏப்ரல்

இந்திய நாடாளுமன்றத்தின் இரண்டு அவையிலும் வக்பு (முஸ்லிம் அறக்கொடைச் சொத்து) சட்டத் திருத்தம் நிறைவேறியதும் கேள்வி பறக்கிறது: "மலேசியாவுக்கு நீதி சொல்கிற செட்டியார் இதற்கு என்ன சொல்கிறார்?"

சொல்கிறேன். தமிழ்நாட்டு அறநிலையத்துறைச் சட்டம் 1959, ஆணையர் முதல் கீழ் அதிகாரிகள் வரை இந்துவாக இருக்க வேண்டும் என்கிறது. நம் ஒன்பது நகரக் கோயில்களின் நிர்வாகத்தில் வேறு மதத்தாரை அரசு நியமித்தால் காரைக்குடி சும்மா இருக்குமா? வக்பு வாரியத்தில் முஸ்லிம் அல்லாதவர் இருக்கலாம் என்றால் அதே அளவுகோலை இங்கேயும் வைக்க வேண்டும். நமக்கு வேண்டாதது அவர்களுக்கும் வேண்டாம். வக்பு சொத்தில் ஊழல் இல்லை என்று நான் சொல்லவில்லை, கோயில் சொத்திலும் இல்லையா என்ன.

இதற்கு மேல் இந்திய அரசியலுக்குத் தனி இழை தொடங்குங்கள்.

9 ஏப்ரல்

அபுதாபியில் இருக்கும் ஆத்தங்குடித் தம்பி நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கம்: சவூதியை வைத்து வளைகுடா முழுவதையும் அளக்காதீர்கள். சரிதான். துபாயில் 1958 முதல் கோயில் உண்டு. ஜெபல் அலியில் 2022இல் புதிய கோயில். அபுதாபியில் 2024 பிப்ரவரி 14இல் திறந்த பெரிய கோயிலுக்கு ஆட்சியாளரே நிலம் கொடுத்தார். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம், மணமுறிவு, வாரிசுரிமைக்கு அபுதாபி 2021இல் தனிச் சட்டம் போட்டது, 2023 முதல் நாடு முழுவதும் அந்த வகைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. மஸ்கட்டில், பஹ்ரைனில் பழைய கோயில்கள் இருக்கின்றன. தம்மாமில் போர்வை கட்டியவனுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனாலும் தம்பி, நீங்கள் அங்கே குடிமகன் இல்லை, மதம் பரப்ப முடியாது, நிலம் தந்தவர் மனசு வைத்ததால் வந்தது. கெடா விடுமுறையை மறுபடி நினைத்துப் பாருங்கள். நல்ல மனசுக்காரர் ஆளும்போது நல்லது நடக்கிறது. தூத்துக்குடியில் இருந்து கூப்பிடு தூரத்தில் மாலத்தீவு. 2008 அரசியல் சட்டம், பிரிவு 9: முஸ்லிம் அல்லாதவர் குடிமகன் ஆக முடியாது. அதுவும் இதே கடலில்தான் இருக்கிறது.

14 ஏப்ரல்

புதுவயல் பாய்: "நீங்கள் சொன்ன எல்லாமே அரசாங்கங்களின் குற்றம். மார்க்கத்தின் மேல் போடாதீர்கள்."

பாதி ஒப்புக்கொள்கிறேன். தியத்தில் ஹனஃபிகள் சமம் என்றபோது சவூதி வேறு வழியை எடுத்தது அரசின் தேர்வு. ஆனால் மதத்தை விட்டு வெளியேறும் ஆணுக்கு மரண தண்டனை என்பதில் நான்கு மத்ஹபுகளின் பழைய நூல்களும் ஒத்துப்போகின்றன. அதை எந்த அரசாங்கமும் கண்டுபிடிக்கவில்லை. சூடான் 2020இல் அந்தத் தண்டனையை எடுத்தது. 2016இல் மொராக்கோவின் மராகேஷில் கூடிய முஸ்லிம் அறிஞர்கள் மதீனா சாசனத்தை முன்வைத்துச் சமக் குடியுரிமை பற்றி அறிக்கை விட்டார்கள். ஆக, பாய் எடுத்த அதே சாசனத்தை வைத்து உள்ளேயே வேலை நடக்கிறது. அந்த வேலையை "ஏற்கெனவே எல்லாம் கொடுத்தாகிவிட்டது" என்று சொல்கிறவர்கள்தான் நிறுத்திவைக்கிறார்கள்.

பாய்க்கு இதற்கு மேல் நான் பதில் எழுதப்போவதில்லை. சந்தையில் பார்த்தால் பேசிக்கொள்ளலாம்.

17 ஏப்ரல்

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார், மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே. மகளுக்குக் கோலாலம்பூர் மாப்பிள்ளை, மலேசியக் குடிமகன், நம்மவர். இதையெல்லாம் படித்ததும் பயமாக இருக்கிறதாம்.

பயப்பட ஒன்றுமில்லை ஆச்சி. முஸ்லிம் அல்லாதவர்களின் கல்யாணம் அங்கே 1976ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தின் கீழ் வருகிறது. யாராவது ஒருவர் பின்னால் மதம் மாறினாலும் மணமுறிவு வழக்கு சிவில் நீதிமன்றத்தில்தான். பிள்ளைகள் விஷயத்தில் 2018 தீர்ப்பு இருக்கிறது. அதை மீறிப் பெர்லிஸ் மாநிலத்தில் ஒரு தாயின் பிள்ளைகளை மாற்றியதையும் 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. கோயிலில் தாலி கட்டினால் மட்டும் அங்கே கணக்கில் வராது, பதிவுத் துறையில் பதிய வேண்டும். பதியாமல் இருக்கும்போது பிள்ளை பிறந்தால் அது தாயின் குடியுரிமையைத்தான் பெறும், அதாவது தகப்பன் மலேசியராக இருந்தும் பிள்ளை வெளிநாட்டுப் பிள்ளை ஆகிவிடும். பின்னால் பதிந்தாலும் சரியாவது கடினம். இங்கே கல்யாணம் முடிந்தால், அங்கே போனவுடன் தூதரகச் சான்றுகளோடு பதிவு அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். விருந்து, மறுவீடு எல்லாம் அதற்கு அப்புறம்.